நரிவெங்காய வேரும் நான் எழுதிய பன்னிரண்டும்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பத்துப் பதினைந்து வருஷமாகத் தள்ளிப்போட்டு வந்திருக்கிறேன். இந்தத் தொடரை ஆரம்பித்தபோதே இதைத்தான் முதலில் எழுத உட்கார்ந்தேன். கை வரவில்லை. அதற்குப் பதிலாக வேலைக்குச் சேர்ந்த கதை, கோயில் தேர் சேற்றில் சிக்கிய கதை என்று ஒவ்வொரு வாரமும் ஒன்றை எழுதி அனுப்பிவிட்டேன். அவற்றைப் படித்துச் சிரித்ததாகச் சிலர் கடிதம் போட்டார்கள். அந்தக் கதைகளை எல்லாம் நான் எழுதியதே இதை எழுதாமல் இருப்பதற்காகத்தான்.

இந்த வாரம் சிரிக்க ஒன்றும் இல்லை. மன்னிக்க வேண்டும்.

கற்பூரம் ஏற்றாத தட்டு

ஆயுத பூஜை அன்று காலை. கல்லூரியின் பாட்டனி அறை. நீள மேஜையில் மைக்ராஸ்கோப்புகளை வரிசையாக நிறுத்தி, ஒவ்வொன்றின் கழுத்திலும் சந்தனம் பூசிக் குங்குமம் வைத்திருக்கிறோம். பொரி, அவல், கடலை, வாழைப்பழம். சாமி படத்துக்கு மேலே மாவிலை. முதல் நாள் ராத்திரி பெய்த மழையில் ஜன்னல் கட்டை ஊறி, ஈர மர வாசனை சாம்பிராணியோடு கலந்து வருகிறது.

மேஜைக்கு நடுவே ஒரு செப்புப் பாத்திரம். அதில் வெந்நீர். அடியில் ஸ்பிரிட் விளக்கு, ஊதா நிறத்தில் சத்தமில்லாமல் எரிகிறது. வெந்நீருக்குள் ஒரு சின்னக் கண்ணாடிக் குழாய். குழாய்க்குள் ஆசிட். ஆசிட்டுக்குள் அரிசி முனை அளவுக்கு ஏழெட்டு வேர் நுனிகள்.

பிசிக்ஸ் பகுதியின் பெரிய அட்டெண்டர் வைரவன் அண்ணன்தான் எங்களுக்குப் பூசாரி. கையில் தட்டு. தட்டில் கற்பூரம். இன்னும் ஏற்றவில்லை. பிரின்சிபால் ஐயா வரவேண்டும்.

நான் கைகூப்பியபடி முன் வரிசையில் நின்றேன். சாமியைப் பார்க்கவில்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த வேர்கள் பன்னிரண்டு நிமிடம்தான் ஆசிட்டில் இருக்கலாம். பன்னிரண்டு கழிந்துவிட்டது. இரண்டு எட்டு வைத்து, கையை நீட்டியிருந்தால் குழாய் என் கையில்.

நான் நீட்டவில்லை.

அந்தக் குழாய் சாமிக்கு முன்னால் எப்படி வந்தது என்று சொல்ல வேண்டுமானால் கொஞ்சம் பின்னால் போகவேண்டும்.

டீச்சரம்மா

எங்கள் ராஜாவின் சமஸ்தானம் சுதந்திர இந்தியாவோடு சேர்ந்து நாலைந்து வருஷம் ஆகியிருக்கும். ஆவூரிலிருந்து ஜெபமாலை என்று ஒரு அம்மா பாட்டனிக்கு வேலைக்கு வந்தார். வயது என்னைவிட ஏழெட்டுக் குறைவு. மெலிந்த உடம்பு, கழுத்தில் சிறு சிலுவை, காலில் எப்போதும் சேறு. எல்லோரும் மிஸ் என்றார்கள். எனக்கு டீச்சரம்மா என்றுதான் வந்தது. அவர் என்னைக் "கருப்பையாண்ணே" என்பார். லேப் அட்டெண்டரை அண்ணே என்று கூப்பிட்ட லெக்சரர் அந்தக் கட்டடத்தில் வேறு யாரும் இல்லை.

நான் எட்டாவது வரைக்கும் படித்தவன். அந்த அம்மா செய்த ஆராய்ச்சியைப் பற்றி எனக்குத் தெரிந்த மட்டும் சொல்கிறேன்.

செடி, ஆடு, மனுஷன் எல்லாமே கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன அறைகளால் ஆனவை. செல் என்பார்கள். ஒவ்வொரு செல்லுக்குள்ளும் ஒரு உருண்டை உண்டு, அதுதான் கரு. ஒரு செல் இரண்டாகப் பிரியும்போது அந்தக் கருவுக்குள்ளிருந்து நூல் நூலாகத் தெளிவாகக் கிளம்பும். எல்லாரும் அந்த நேரத்தைத்தான் படம் போடுவார்கள். பிரிந்து முடிந்து, அடுத்த முறை பிரிவதற்கு முன்னால் ஒரு நீண்ட இடைவேளை இருக்கிறது. அப்போது நூல்கள் மறைந்துவிடும். கரு ஓய்வெடுக்கிறது என்று அன்றைய புத்தகங்களில் போட்டிருந்தது. பையன்கள் நோட்டில் ஒரு வட்டம் வரைந்து உள்ளே பென்சிலால் நாலு புள்ளி குத்திவிட்டுப் போவார்கள்.

"ஓய்வாண்ணே? நீங்க பாருங்க" என்று என்னை ஒருநாள் ஜன்னலோரம் கூப்பிட்டார்.

கண்ணை வைத்தேன். முதலில் என் இமைமயிர்தான் தெரிந்தது. பிறகு வந்தது. நாவல்பழச் சாற்றில் தோய்த்த மாதிரி ஒரு உருண்டை. உள்ளே மெல்லிய வலை. அந்த வலையில் அங்கங்கே கருஞ்சிவப்பாக மணிகள். பக்கத்துக் கருவிலும் அப்படியே. அதற்கடுத்ததிலும். எல்லாவற்றிலும் மணிகள் ஒரே ஓரமாக ஒதுங்கி நின்றன.

"ஒரு பக்கமாவே நிக்குதேம்மா?"

"அதாண்ணே! எல்லாத்துலயும் ஒரு பக்கம். போன தடவ பிரியும்போது எந்தப் பக்கம் இழுத்துட்டுப் போச்சோ, அந்தப் பக்கத்துலயே நிக்குது. இந்த மணியெல்லாம் நூலுல கெட்டியா இருக்கிற எடம். நூலு கரையல. எடம் மாறல. நம்ம கண்ணுக்குத்தான் தெரியல."

எனக்கு உடம்பு சிலிர்த்தது. கோயிலில் அலங்காரத்துக்குத் திரை போடுவார்கள் அல்லவா? வெளியே நிற்கிற நாம் வெறும் துணியைப் பார்த்துக்கொண்டிருப்போம். உள்ளே சாத்துப்படி நடந்துகொண்டிருக்கும். அதை அவரிடம் சொன்னேன். "அதேதாண்ணே, அதேதான்" என்று சிரித்தார். மறுநாள் வகுப்பில், "நம்ம கருப்பையாண்ணன் சொன்னாரு" என்று என் பெயரைச் சொல்லிப் பையன்களுக்கு அதை விளக்கினாராம். வீட்டில் போய்ப் பெருமையடித்தேன்.

என் வீட்டுக்காரி, "ஆமா, வேருக்குத் தெரை போட்டுச் சாத்துப்படி பாருங்க. இங்க கூரை ஒழுகுது, அதுக்கு ஒரு தெரை போடுங்க" என்றாள்.

குடுமியான்மலைப் பாறை

நான் பார்த்தது சாதாரண வெங்காய வேர்; அதில் அவ்வளவு துலக்கமாகத் தெரியவில்லையாம். குடுமியான்மலைப் பக்கம் பாறை இடுக்குகளில் முளைக்கிற நரிவெங்காயம்தான் அவருக்கு வேண்டும். அதில் மணிகள் பெரிசு. ஆனால் மழை விழுந்த பிறகுதான் புது வேர் விடும். அதுவும் சில வாரம்தான்.

நானும் அவரும் பஸ்ஸில் போவோம். ஒருமுறை ஆடு மேய்த்த ஒரு பெரியவர் வெகு நேரம் எங்களைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"ஏம்மா, நரியே திங்காத வெங்காயத்த எதுக்குத் தோண்டுறீங்க? மருந்துக்கா?"

"இல்லைங்கய்யா. பாக்குறதுக்கு."

"பாக்குறதுக்கா? அதுக்கு ஏன் தோண்டணும்? மேலாப்புல பாத்தாத் தெரியாதா?"

"வேருக்குள்ள பாக்கணுங்கய்யா."

பெரியவர் என் பக்கம் திரும்பி, "நீ எதுக்குப்பா வந்த? அந்தம்மா வேருக்குள்ள விழுந்துடாம புடிச்சுக்கவா?" என்றார். டீச்சரம்மா பாறையில் உட்கார்ந்து சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. கிழங்கின் சாறு பட்டு எனக்கு இரண்டு நாள் கை அரித்தது.

வேரை வெட்டுவது, உள்ளே இருப்பது இருந்தபடியே நிற்க மருந்தில் ஒருநாள் ஊறப்போடுவது, வெந்நீரில் நிறுத்தி ஆசிட்டில் வைப்பது, பிறகு சாயத்தில் போடுவது எல்லாம் எனக்குப் பழகிவிட்டது. ஆசிட்டில் குறைந்தால் சாயம் ஏறாது. கூடினால் உள்ளே இருப்பதெல்லாம் கரைந்து வெளியே போய்விடும். அதனால் ஒரு நோட்டு வைத்திருந்தார். சூடு எத்தனை, நிமிடம் எத்தனை என்று நான் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும்.

"கெட்டுப்போனாலும் பரவால்லண்ணே. கெட்டுப்போச்சுன்னு எழுதுங்க. நடந்தத எழுதுங்க. நான் நோட்டத்தான் நம்புவேன்."

சென்னையிலிருந்து வந்த கடிதம்

மூன்று மழைக்காலம் இப்படிப் போயிற்று. அவர் வரைந்த படங்களையும் சிலைடுகளையும் சென்னையில் ஒரு புரொபசருக்கு அனுப்பினார். அந்தப் புரொபசர் ஒப்புக்கொண்டால் டீச்சரம்மாவை டாக்டர் பட்டத்துக்கு எடுத்துக்கொள்வார். சிலைடுகள் தபாலில் நொறுங்கிப் போயின. படங்கள் மட்டும் போய்ச் சேர்ந்தன.

பதில் வந்தது. அதை எனக்குத் தமிழில் சொன்னார். மணிகள் ஒரு பக்கமாக நிற்பதாக நீங்கள் சொல்வது செடியில் இருப்பதா, உங்கள் மருந்தால் வந்ததா? செத்த வேரில் மருந்து பட்டுத் திரண்டதைப் பார்த்துவிட்டு உயிருள்ளதின் அமைப்பு என்று சொல்லக்கூடாது. மருந்தை மாற்றி, புது வேரில் இன்னொரு முறை செய்து பாருங்கள். அப்போதும் தெரிந்தால் அனுப்புங்கள். நான் வெளிநாடு கிளம்புவதற்குள் வேண்டும்.

அந்த வருஷம் மழை பிந்திவிட்டது. வேர் விட்டபோது ஆயுத பூஜை வந்துவிட்டது. வேரை வெட்டிப் புது மருந்தில் போட்ட அன்றே, தகப்பனாருக்கு மூச்சிரைப்பு என்று ஆவூரிலிருந்து ஆள் வந்தது.

"நாளைக்குக் காலையில நீங்களே ஆசிட்ல வச்சு, சாயத்துல போட்டுருங்கண்ணே. மறுநாள் நான் வந்துருவேன். நல்ல நாளும் அதுவுமா ஒங்களக் கஷ்டப்படுத்துறேன்."

"என்னம்மா கஷ்டம்? நான் பாத்துக்கிறேன். நீங்க அப்பாவப் பாருங்க."

மஞ்சள் பிள்ளையார்

காலையில் திருக்கோகர்ணத்தில் அம்பாளைக் கும்பிட்டுவிட்டுத்தான் வேலைக்கு வந்தேன். அந்த அம்மா மூன்று வருஷம் பட்ட பாடு பலிக்கவேண்டும் என்றுதான் வேண்டிக்கொண்டேன். அப்படி வேண்டியவனுக்கு ஒரு யோசனை வந்தது. ஆயுதங்களுக்கெல்லாம் பூஜை நடக்கிறது. இந்த வேர் மட்டும் ஏன் ஓரத்தில் கிடக்கவேண்டும்? ஆசிட்டில் இருக்கிற அந்த நேரத்திலேயே கற்பூர வெளிச்சம் அதன் மேல் படட்டுமே.

வைரவன் அண்ணனிடம் கேட்டேன். "பூசை எம்புட்டு நேரம்ண்ணே?" "பத்தே நிமிஷம்டா, பொரி நமுத்துடும்ல" என்றார். கணக்குச் சரியாக இருந்தது. பாத்திரத்தை மேஜை நடுவில் வைத்து, சூடு பார்த்து, குழாயை இறக்கினேன். பாத்திரத்துக்கும் சந்தனம் வைத்தேன்.

மஞ்சளில் பிள்ளையார் பிடித்து வைத்து, மணியும் அடித்தாயிற்று. அப்போது ஓர் ஆள் ஓடிவந்து, "பிரின்சிபால் ஐயா கிளம்பிட்டாராம், வர்ற வரைக்கும் நிப்பாட்டுங்க" என்றான்.

பதினைந்து நிமிடம் ஆனபோது வைரவன் அண்ணனின் காதருகே போனேன்.

"அண்ணே, அந்தக் குழாய மட்டும் எடுத்துக்கிறேனே."

"ஏண்டா, பிள்ளையார் புடிச்சு வச்சாச்சு. சாமி முன்னாடி வச்சத நடுவுல உருவுவியா?"

"நேரம் ஆயிடுச்சுண்ணே. கெட்டுப்போயிடும்."

"அது என்ன கொழம்பா, அடிபிடிக்க?" என்று அவர் உரக்கக் கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். பிறகு அவரே என் தோளைத் தட்டி, "ஆத்தா பாத்துக்குவாடா, சும்மா நில்லு" என்றார்.

நின்றேன். அவர் மேல் குற்றம் இல்லை. படையலில் வைத்ததைத் தீபாராதனைக்கு முன்னால் எடுக்கக்கூடாது என்பது எனக்கும் வேதம்தான். அதைவிட, நானே ஆசைப்பட்டு வைத்தது. வைத்த கையால் எடுத்தால் அந்த அம்மாவின் காரியத்துக்கே விக்கினம் வந்துவிடும் என்று பயந்தேன். கையைக் கூப்பிக்கொண்டு, அம்பாளே, அம்பாளே என்றே சொல்லிக்கொண்டிருந்தேன்.

பிரின்சிபால் ஐயா வந்து, கற்பூரம் காட்டி, பூசணிக்காய் உடைத்து, நான் குழாயைத் தொட்டபோது ஐம்பது நிமிடத்துக்கு மேல் ஆகியிருந்தது.

கழுவிச் சாயத்தில் போட்டேன். நோட்டைத் திறந்தேன். பேனாவை எடுத்தேன். ஐம்பது என்று எழுதினால் ஏன் என்று கேட்பார்கள். பூஜையால் கெட்டது என்பார்கள். அம்பாள் முன்னால் வைத்ததால் கெட்டது என்ற பேச்சு என்னால் வரக்கூடாது என்று நினைத்தேன். இத்தனை வருஷம் அப்படித்தான் எனக்கு நானே சமாதானம் சொல்லி வந்தேன். உண்மை என்னவென்றால், வேலைக்குப் பயந்தேன். அண்ணே என்று கூப்பிட்ட அந்த முகத்துக்குப் பயந்தேன்.

பன்னிரண்டு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

"பன்னெண்டுதானே?"

மறுநாள் வந்தார். தகப்பனாருக்குத் தேவலை என்றார். வேரைச் சிலைடில் வைத்து, மேலே மெல்லிய கண்ணாடி போட்டு, கட்டைவிரலால் அழுத்திவிட்டு ஜன்னலோரம் உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் மத்தியானச் சாப்பாட்டுக்கு எழுந்திருக்கவில்லை. ஒன்றை எடுத்து இன்னொன்றை வைப்பார். மறுபடி முதலிலிருந்து பார்ப்பார். வெயில் நகர நகர மைக்ராஸ்கோப்பின் அடிக்கண்ணாடியைத் திருப்பிக்கொண்டே இருந்தார்.

சாயங்காலம், "கருப்பையாண்ணே, இங்கிட்டு வாங்க" என்றார்.

பார்த்தேன். நனைந்த காகிதத்தை வட்டமாக வெட்டிப் போட்ட மாதிரி இருந்தது. வெளிறிய ரோஜா நிறம். வலை இல்லை. மணி இல்லை. எந்தப் பக்கமும் ஒன்றும் இல்லை.

"பன்னெண்டு நிமிஷந்தானே?"

"பன்னெண்டுதாம்மா."

"சூடு அறுபதுதானே?"

"அறுபதுதாம்மா."

நோட்டை எடுத்துப் பார்த்தார். என் கையெழுத்தின் மேல் விரலை ஓட்டினார். சந்தேகப்பட்டு அல்ல. வேறு ஏதாவது வழி இருக்காதா என்று தேடினார் என்று நினைக்கிறேன். என் வாயிலிருந்து ஒரு சொல் வந்திருந்தால் போதும். பாறையிலிருந்து கொண்டுவந்து தொட்டியில் நட்டதில் இன்னும் நாலு கிழங்கு வேரோடு இருந்தது. புரொபசர் கிளம்ப இன்னும் சில நாள் இருந்தது.

"அப்ப அவரு சொன்னதுதாண்ணே சரி. மருந்த மாத்துனதும் ஒண்ணுமே இல்ல பாருங்க. முன்னாடி பாத்ததெல்லாம் மருந்து பண்ண வேலை. நான் ஆசப்பட்டத நான் பாத்திருக்கேன்."

அழவில்லை. லென்சைத் துடைத்து, மைக்ராஸ்கோப்பை அதன் பெட்டியில் வைத்துக் கொக்கியை மாட்டினார். அன்றைக்கே கடிதம் எழுதினார். என் படங்கள் தவறு, திரும்பப் பெற்றுக்கொள்கிறேன், மன்னிக்கவும் என்று. தபாலில் சேர்க்க என்னிடம்தான் கொடுத்தார்.

தபால் பெட்டி முன்னால் எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. பின்னால் ஒருவர், "போடுறீங்களா, நகர்றீங்களா?" என்றார். போட்டுவிட்டேன்.

ஆவூருக்குப் போனது

அடுத்த கோடையில் அவர் கல்லூரியை விட்டு, ஆவூர்ப் பக்கம் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்துக்கு ஆசிரியையாகப் போய்விட்டார். தொட்டிக் கிழங்குகளை நான் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். மழை வந்ததும் வேர் வெட்டி, அந்தப் புது மருந்திலேயே போட்டு, யாருக்கும் தெரியாமல் லேபில் பன்னிரண்டு நிமிடம் வைத்துப் பார்த்தேன். கடிகாரத்தைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

மணிகள் நின்றன. எல்லாம் ஒரே பக்கமாக.

அந்தச் சிலைடை ஜன்னலுக்கு எதிரே, கதவில்லாத பூஜை அலமாரியில் வைத்தேன். இன்றைக்குப் போய்ச் சொல்கிறேன், நாளைக்குப் போய்ச் சொல்கிறேன் என்றே ஆறேழு வருஷம் ஓடிவிட்டது. கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அதைத் துணியில் சுற்றிக்கொண்டு ஆவூருக்குப் போனேன். பூசை முடிந்து மாதா கோயிலிலிருந்து வெளியே வந்தார். தலையில் நரை. என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"வாங்கண்ணே! வீட்ல எல்லாம் நல்லா இருக்காங்களா?"

வேப்பமரத்தடியில் நின்றபடி எல்லாவற்றையும் சொன்னேன். பிள்ளையார் பிடித்தது, பிரின்சிபால், ஐம்பது நிமிடம், நோட்டு எல்லாம். சிலைடைக் கொடுத்தேன். வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பார்த்தார். ஜன்னல் வெளிச்சத்தில் வருஷக்கணக்கில் கிடந்து சாயம் வெளுத்து, வெறும் கண்ணாடியாகிவிட்டிருந்தது. அது எனக்கே அப்போதுதான் தெரிந்தது.

"எனக்காக இம்புட்டு தூரம் வந்து பொய் சொல்றீங்களேண்ணே" என்றார். குரலில் அவ்வளவு பிரியம்.

"சத்தியமாம்மா. அம்பாள் மேல சத்தியமா."

"அண்ணே, நோட்டுல பன்னெண்டுன்னு இருக்கு. மனுஷன் எரக்கத்துல என்ன வேணும்னாலும் சொல்லுவான், நோட்டு சொல்லாது. நான் தோத்தத ஏத்துக்கிட்டு ரொம்ப நாளாச்சு. அத மறுபடி கெளறாதீங்க. வாங்க, சாப்பிட்டுட்டுப் போகலாம்."

சாப்பிட்டேன்.

மண்ணள்ளிப் போட்ட நாள்

போன வருஷம் டீச்சரம்மா காய்ச்சலில் இறந்துபோனார். அடக்கத்துக்குப் போனேன். பெரிய கூட்டம். அவரிடம் படித்த பிள்ளைகள் தேம்பித் தேம்பி அழுதார்கள். சாமியார் பிரசங்கத்தில் சொன்னார்: இந்தச் சகோதரி ஒருகாலத்தில் பெரிய ஆராய்ச்சி செய்தார், அது தவறு என்று தெரிந்ததும் மறைக்காமல் தானே எழுதி ஒப்புக்கொண்டார், தன் பிழையை ஒப்புக்கொள்ளும் அந்தத் தாழ்மையை நாம் கற்றுக்கொள்ளவேண்டும். கூட்டம் தலையாட்டியது. டீச்சரம்மாவின் அண்ணன் மகள் என் பக்கத்தில் நின்று, "ஆமா, அத்தை அத அடிக்கடி சொல்லும்" என்று கண்ணைத் துடைத்தாள்.

நான் ஒரு பிடி மண் அள்ளிப் போட்டேன். அங்கேயும் வாய் திறக்கவில்லை.

அன்றிலிருந்து அம்பாள் சன்னதியில் நின்றால் எனக்கு ஒரு வேண்டுதலும் வருவதில்லை. எதைக் கேட்பது? மன்னிக்க வேண்டியவர் மன்னிக்கவில்லை. மன்னிக்க ஒன்று இருக்கிறது என்றே அவர் நம்பவில்லை. போய்விட்டார். வைரவன் அண்ணனும் இல்லை. அந்த நோட்டு கல்லூரிப் பீரோவில் இன்னும் இருக்கிறது என்கிறார்கள். போய் அடித்துத் திருத்தலாம் என்று ஒருமுறை நினைத்தேன். ஒருதரம் பொய் எழுதிய கை, இரண்டாவது தரம் எழுதுவதை யார் நம்புவார்கள்?

அதனால் உங்களிடம் கேட்கிறேன். ஆவூர்ப் பக்கம் உறவுள்ளவர்கள், காலேஜில் செடிகளைப் பற்றிப் படிக்கிற பிள்ளைகள் உள்ளவர்கள், இதைச் சொல்லுங்கள். சொல்லும்போது என் மேல் இரக்கப்பட்டு வைரவன் அண்ணன் மேல் போடவேண்டாம். பூஜை மேல் போடவேண்டாம். கதை நன்றாக இருக்கட்டும் என்று, அந்த அம்மா என்னை மன்னித்ததாகக் கடைசியில் சேர்க்கவும் வேண்டாம். அவர் தாழ்மையானவர் என்று இந்தக் காரியத்துக்காகப் புகழவேண்டாம். அவர் ஒப்புக்கொண்ட பிழை அவருடையது அல்ல.

ஐம்பது நிமிடத்துக்கு மேல் ஆசிட்டில் வைத்துவிட்டு, பன்னிரண்டு என்று எழுதியவன் கருப்பையா. ஜெபமாலை டீச்சர் பார்த்தது அங்கே இருந்தது. ஒரு சொல் கூட்டாமல், ஒரு சொல் குறைக்காமல், இவ்வளவையும் இப்படியே சொல்லுங்கள்.